காட்டுவழிக்கு ஒரு கேஜன் கட்டுச்சோறு

கோடை நெருங்கினால் பிள்ளைகள் பாடசாலையிலிருந்து கொண்டுவரும் கடதாசிகளில் ஒன்று காம்பிங் பற்றியதாக இருக்கும். முதுகிலே பையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்து, கூடாரம் அடித்து, இரண்டு மூன்று இரவுகள் தங்கி வருவது கனடாவில் பலருக்குப் பெரும் பொழுதுபோக்கு. அந்தக் கடதாசியைக் கண்டதும் எமது வீடுகளில் எழும் முதற் கேள்வி, "அங்கே பிள்ளை என்னத்தைச் சாப்பிடும்?" என்பதுதான். இரண்டாவது கேள்வியை நாம் எல்லோரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "நாங்கள் பட்டது போதாதா, காசு கொடுத்தும் கூடாரத்தில் படுக்க வேண்டுமா?"

இரண்டாவது கேள்வி நியாயமானது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து மூட்டை முடிச்சுக்களுடன் நடந்தவர்களுக்கும், 2009இல் வன்னியிலிருந்து வந்து முகாம்களில் கிடந்தவர்களுக்கும், தோளிலே பையும் தலைக்குமேலே தறப்பாளும் பொழுதுபோக்காகத் தெரியாது. அவர்களை எவரும் வற்புறுத்த வேண்டியதில்லை. ஆனால் இங்கு வளரும் பிள்ளைகளுக்கு மூட்டை என்றால் ஓட்டம் என்ற நினைவு இல்லை. காட்டை அவர்கள் காடாகவே பார்க்கட்டும். அவர்களோடு ஒருமுறை நடந்து பார்க்க விரும்பும் பெற்றோருக்காக, முதற் கேள்விக்கு இம்மாதம் பதில் சொல்கிறோம்.

காட்டுப் பயணத்துக்கு உகந்ததென்று நாம் தெரிந்தெடுத்தது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கேஜன் சமையலை. சோறும் உறைப்பும் இறாலும் வெண்டிக்காயும் கலந்த சமையல் அது. எங்கள் நாக்குக்கு அந்நியமாக இராது. அதைச் சமைக்கும் மக்களின் கதையும் எங்களுக்கு அந்நியமானதல்ல.

கேஜன் மக்கள் யார்?

கேஜன் என்ற சொல் அக்காடியர் என்ற சொல்லின் திரிபு. அக்காடியர் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோசியாவிலும் அதன் அயலிலும் பதினேழாம் நூற்றாண்டில் குடியேறிய பிரெஞ்சு மொழி பேசும் விவசாயிகள். கடல்நீர் ஏறும் சதுப்பு நிலத்துக்கு அணைகட்டி, அதை நல்ல பயிர்நிலமாக்கியவர்கள். 1713இல் அந்த நிலம் பிரித்தானியர் கைக்குப் போயிற்று. நிபந்தனை எதுவுமின்றி அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தார்கள் என்று, 1755இல் அவர்களைப் பிடித்துக் கப்பலேற்றத் தொடங்கினர். 1763 வரை நீடித்த இந்த வெளியேற்றத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். வீடுகள் எரிக்கப்பட்டன. குடும்பங்கள் வேறுவேறு கப்பல்களில் பிரிந்துபோயின. நோயிலும் கடலிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

உயிர்தப்பியவர்களில் ஒரு பகுதியினர் 1764, 1765ஆம் ஆண்டுகளில் லூசியானாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 பேர் வந்து அவர்களோடு கூடினார்கள். குளிர்நாட்டில் கோதுமை விதைத்தவர்கள் வெக்கையும் சதுப்பும் நிறைந்த இடத்தில் நெல்லுக்கும் சோளத்துக்கும் மாறினார்கள். வெண்டிக்காய் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு வந்தது. சாசஃப்ராஸ் என்ற மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடிசெய்து குழம்பைத் தடிப்பாக்கும் முறையை சொக்ரோ பழங்குடியினரிடம் கற்றார்கள். பிரெஞ்சுச் சமையலின் கைப்பழக்கத்தை விடாமல், கிடைத்ததை வைத்துச் சமைத்தார்கள். அதுவே கேஜன் சமையல்.

கனடா அரசு 2003இல் ஒரு பிரகடனம் மூலம் இந்த வெளியேற்றத்தை ஏற்றுக்கொண்டது. 2005 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 28 அதன் நினைவு நாள். நாம் புகலிடம் தேடி வந்த நாட்டிலிருந்தே ஒருகாலத்தில் ஒரு மக்கள் கூட்டம் துரத்தப்பட்டது என்பதை எங்கள் பிள்ளைகளும் அறிந்திருப்பது நல்லது.

ஏன் உலர்த்த வேண்டும்?

முதுகுப்பைப் பயணத்தில் பாரந்தான் முதல் எதிரி. செலறியிலும் தக்காளியிலும் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். வேகவைத்த இறைச்சியிலும் பாதிக்குமேல் தண்ணீர்தான். காட்டிலே ஏரித் தண்ணீர் தாராளமாக இருக்கும்போது அதை வீட்டிலிருந்து சுமப்பானேன்? ரின்னில் அடைத்த மீனைக் கொண்டுபோவோம் என்றால், ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவில் உட்காட்டு முகாம்களுக்கு ரின்களும் போத்தல்களும் கொண்டுசெல்லத் தடையுண்டு.

கடைகளில் ஆயத்த உலர் உணவுப் பொதிகள் விற்கிறார்கள். நால்வர் உள்ள குடும்பம் மூன்று நாளைக்கு அவற்றை வாங்கினால் பயணச் செலவில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். வீட்டில் செய்தால் செலவு வழக்கமான சமையற் செலவுதான்.

உலர்த்துவது எங்களுக்குப் புதிதுமல்ல. ஊரிலே மோர்மிளகாய், வடகம், கருவாடு எல்லாம் வெயிலில் காய்ந்தவைதானே. பனங்கிழங்கை அவிக்காமல் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். இப்பயணச் சாப்பாடு புழுக்கொடியல் வகை. முதலில் முழுமையாகச் சமைத்து, பின்னர் உலர்த்துகிறோம். காட்டில் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கினால் போதும். இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். சோற்றை உலர்த்தினால் அதன் பாரம் அரிசியின் பாரத்தைவிடக் குறையாது. மிச்சப்படுவது நேரமும் காஸும். இருபது நிமிடம் எரியவேண்டிய அடுப்பு ஐந்து நிமிடம் எரிந்தால் போதும்.

வீட்டில் உலர்த்தும் முறை

எங்கள் ஊர் வெயிலை ரொறொன்ரோ மொட்டைமாடியில் எதிர்பார்க்கக் கூடாது. இறைச்சியை இங்கு வெயிலில் காயவைப்பது ஆபத்து. டிஹைட்ரேற்றர் என்ற மின்பெட்டி ஒன்றை இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். இல்லாவிட்டால் அவணை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவைச் சற்றுத் திறந்துவிட்டுச் செய்யலாம். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் திறந்த அவணுக்குக் காவல் தேவை.

மரக்கறி: வெங்காயம், செலறி, பச்சைக் குடமிளகாய் மூன்றும் கேஜன் சமையலின் அடித்தளம். லூசியானாவில் இதைப் புனித மும்மை என்பார்கள். எங்களுக்கு வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை எப்படியோ அவர்களுக்கு இவை அப்படி. சிறிதாக வெட்டி, 52 முதல் 57 பாகை செல்சியசில் 6 முதல் 10 மணித்தியாலம் உலர்த்துங்கள். முறித்தால் நொறுங்கவேண்டும். வெண்டிக்காயை மெல்லிய வட்டமாக வெட்டி இவ்வாறே செய்யலாம். வெங்காயம் காயும்போது வீடெல்லாம் மணக்கும். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் யன்னலைத் திறந்து வையுங்கள்.

சோறு: சோற்றைப் பதமாக வடித்து, ஆறவிட்டு மறந்துவிடாமல் உடனே தட்டில் மெல்லியதாகப் பரப்பி 57 பாகையில் உலர்த்துங்கள். வெந்த சோறு வெளியே நெடுநேரம் கிடந்தால் அதில் வளரும் கிருமியின் நஞ்சு பின்னர் கொதிக்கவைத்தாலும் போகாது.

இறைச்சி: கோழி, வான்கோழி, மாடு எதுவானாலும் கொழுப்பு மிகக் குறைந்த அரைத்த இறைச்சியே நல்லது. துண்டு இறைச்சி காய்ந்தால் தோல்போல இறுகிவிடும். 450 கிராம் இறைச்சிக்கு அரைக் கோப்பை பாண்தூள் பிசைந்து, உள்ளே 74 பாகை சூடு ஏறும்வரை சமையுங்கள். பாண்தூள் சேர்த்தால் பின்னர் தண்ணீர் இலகுவில் ஊறும். கசியும் எண்ணெயை வடித்து, தாளால் ஒற்றி எடுத்து, 63 முதல் 68 பாகையில் சரளைக்கல் போலாகும்வரை உலர்த்துங்கள். கொழுப்பு மிஞ்சினால் சிக்கல் மணம் வந்துவிடும். லூசியானாக்காரர் விரும்பும் புகையூட்டிய சொசேஜ் இதனாலேயே எமது பட்டியலில் இல்லை. புகைமணத்துக்குப் புகையூட்டிய பப்றிக்காத்தூள் உண்டு.

மரக்கறிச் சாப்பாட்டுக்காரருக்கு வேலை இன்னும் சுலபம். தமிழ்க்கடைகளில் கிடைக்கும் சோயா மீற் ஏற்கெனவே உலர்ந்ததுதான். அப்படியே பையில் போடலாம்.

எல்லாம் நன்றாக ஆறியபின் சிப் வைத்த பைகளில் போட்டு, காற்றை வெளியே தள்ளி, திகதி எழுதி மூடுங்கள். இறைச்சி சேர்ந்ததைப் பயணம் புறப்படும் நாள்வரை பிறீசரில் வைத்து, ஓரிரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கேஜன் சரக்குத்தூள்

பப்றிக்கா 2 மேசைக்கரண்டி, உள்ளித்தூள் 1 மேசைக்கரண்டி, வெங்காயத்தூள் 1 மேசைக்கரண்டி, உப்பு 1 மேசைக்கரண்டி, மிளகுதூள் 2 தேக்கரண்டி, வெள்ளை மிளகுதூள் 1 தேக்கரண்டி, தைம் இலைத்தூள் 2 தேக்கரண்டி, ஒறிகானோ 2 தேக்கரண்டி, கயேன் மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி. கயேன் இல்லாவிடில் எங்கள் தனி மிளகாய்த்தூள் போதும். யாழ்ப்பாணத்துக் கறித்தூளைப் போடாதீர்கள். மல்லியும் சீரகமும் சேர்ந்தால் அது நல்ல கறியாகும், ஆனால் கேஜன் ஆகாது. உறைப்பு மட்டுமே கேஜன் சமையல் என்று நினைப்பதும் தவறு. மிளகு, உள்ளி, தைம் மூன்றும் முன்னே நிற்கவேண்டும்.

மூன்று இரவுக்கு மூன்று சாப்பாடு

அளவுகள் நால்வருக்கு.

முதலாம் இரவு, ஜம்பலாயா: 2 கோப்பை அரிசியைச் சமைத்து உலர்த்திய சோறு, 450 கிராம் இறைச்சியை உலர்த்தியது அல்லது ஒரு கோப்பை சோயா மீற், உலர்ந்த வெங்காயம், செலறி, குடமிளகாய்க் கலவை ஒரு கோப்பை, சரக்குத்தூள் 4 தேக்கரண்டி, சூப் கட்டி ஒன்று. எல்லாம் ஒரே பையில். காட்டில் சட்டியிலிட்டு, இரண்டு விரற்கடை மேலே நிற்கத் தண்ணீர் விட்டு 15 நிமிடம் ஊறவிடுங்கள். 2 மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து 5 நிமிடம் கொதிக்கவைத்து, மூடி, துவாயால் சுற்றி இன்னும் 10 நிமிடம் வையுங்கள். துவாயால் சுற்றும் இந்த வேலையே காஸை மிச்சப்படுத்தும். நியூ ஓர்லியன்ஸ் நகரத்து ஜம்பலாயாவில் தக்காளி சேர்ந்து சிவப்பாக இருக்கும். கேஜன் நாட்டுப்புறத்தில் தக்காளியில்லாமல் மண்ணிறமாக இருக்கும். இது இரண்டாவது வகை.

இரண்டாம் இரவு, சிவப்பு பீன்ஸும் சோறும்: லூசியானாவில் திங்கட்கிழமைச் சாப்பாடு இது. திங்கள் உடுப்புத் தோய்க்கும் நாளானதால், அடுப்பில் ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கக்கூடிய சாப்பாடாக இருந்தது. 540 மில்லிலீற்றர் கிட்னி பீன்ஸ் ரின் இரண்டை வடித்து, வதக்கிய மூன்று மரக்கறிகளுடனும் 3 தேக்கரண்டி சரக்குத்தூளுடனும் வீட்டிலேயே வேகவைத்து, கால்வாசியை மசித்து, அவண் தாளில் மெல்லியதாகப் பூசி உலர்த்துங்கள். காட்டில் 15 நிமிடம் ஊறவிட்டுக் கொதிக்கவைத்து, தனியே சூடாக்கிய சோற்றில் ஊற்றவேண்டும். ரின் வாங்காமல் காய்ந்த விதை வாங்கினால் கவனம்! வேகாத கிட்னி பீன்ஸில் வயிற்றைக் கலக்கும் நஞ்சுண்டு. ஐந்து மணித்தியாலமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவைத்த பின்னரே மெல்லிய சூட்டில் வேகவிடலாம். மின்சார மெதுச் சட்டியை மட்டும் நம்பாதீர்கள்.

மூன்றாம் இரவு, கம்போ: கம்போ என்ற பெயரே வெண்டிக்காய்க்கான ஆபிரிக்கச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பார்கள். குழம்பைத் தடிப்பாக்க மாவை எண்ணெயில் நெடுநேரம் வறுப்பது லூசியானா முறை. எண்ணெய் சுமக்க உதவாதபடியால் நாம் வெறும் சட்டியில் வறுக்கிறோம். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் மா வறுத்த கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரைக் கோப்பை கோதுமை மாவை மெல்லிய சூட்டில் நிலக்கடலைத் தோல் நிறம் வரும்வரை கிண்டி, ஆறவிட்டு அரித்துக்கொள்ளுங்கள். இதனுடன் உலர்ந்த வெண்டிக்காய் ஒரு கோப்பை, மூன்று மரக்கறிக் கலவை ஒரு கோப்பை, சரக்குத்தூள் 4 தேக்கரண்டி, சூப் கட்டி ஒன்று, தலை நீக்கிக் கழுவி அவணில் மொறுமொறுப்பாக வறுத்த காய்ந்த இறால் அரைக் கோப்பை. மாவைத் தனிப் பையில் கொண்டுபோங்கள். காட்டில் ஒன்றரை லீற்றர் தண்ணீரில் மற்றவற்றை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் கிண்டுங்கள். சோற்றின்மேல் ஊற்றிச் சாப்பிடலாம். ஒடியற் கூழ் குடித்தவர்களுக்கு முதல் வாயிலேயே உறவு தெரியும்.

காய்ந்த இறாலை நாம் எமது வசதிக்காகச் சேர்க்கவில்லை. லூசியானாவில் அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பரற்றேரியா குடாவில் மரக்கால்களின்மேல் கட்டிய மணிலா விலேஜ் என்ற ஊரில் பிலிப்பைன்ஸ் நாட்டவர் பெரிய மரத்தட்டிகளில் இறாலைக் காயப்போட்டு, கோது கழல அதன்மேல் மிதித்து ஆடுவார்களாம். 1965இல் பெற்சி சூறாவளி அந்த ஊரை அழித்தது. ஆயினும் காய்ந்த இறால் இன்றும் அங்கே கம்போச் சட்டிக்குள் போகிறது.

காட்டில் மறக்கக்கூடாதவை

ஏரித் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதித்த பின்னரே குடிக்கவேண்டும். உணவை ஊறவைப்பதற்கும் அதே தண்ணீர்தான்.

கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது, மழை பெய்தாலும். தீ மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத காபன் மொனொக்சைட்டும் உயிரைக் குடிக்கும்.

சாப்பாட்டுப் பை, பற்பசை, குப்பை எல்லாவற்றையும் கூடாரத்திலிருந்து விலக்கி, நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில், மரத்தடியிலிருந்து 2 மீற்றராவது தள்ளிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். கருங்கரடிக்கு இறால் மணம் எங்களைவிட நன்றாகத் தெரியும்.

முதற் பயணத்தைச் சிறிதாக வையுங்கள். ரொறொன்ரோவிலிருந்து ஏறத்தாழ மூன்று மணித்தியாலக் கார் ஓட்டத்தில் உள்ள அல்கொன்குயினில், ஹைலண்ட் நடைபாதையின் சிறிய வளையம் 19 கிலோமீற்றர். இரண்டு இரவு தங்கி ஆறுதலாக நடக்கலாம். உட்காட்டில் தங்க முன்பதிவும் அனுமதிச் சீட்டும் வேண்டும். போவதற்கு முன் ஒரு சாப்பாட்டை வீட்டிலேயே தண்ணீர் ஊற்றிச் சமைத்துப் பாருங்கள். உப்பும் உறைப்பும் அப்போதே திருத்திக்கொள்ளலாம்.

பாடசாலை கூட்டிச்செல்லும் பயணத்தில் சாப்பாட்டுப் பொறுப்பு வழக்கமாக ஆசிரியர்களுடையது. பிள்ளை மாட்டிறைச்சி சாப்பிடாது, மரக்கறி மட்டுமே சாப்பிடும், இறால் ஒத்துக்கொள்ளாது என்பவற்றை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். சொல்ல வெட்கப்பட்டுப் பிள்ளையைப் பட்டினி போடவேண்டாம்.

பையில் இன்னொன்று

கேஜன் மக்களின் கதையில் மிச்சம் ஒன்று உண்டு. 1921இல் லூசியானாவின் அரசியலமைப்பு பாடசாலைக் கல்வியை ஆங்கிலத்தில் மட்டுமே என்றாக்கியது. பாடசாலையில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தாங்கள் பட்ட அவமானம் தங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று வீட்டிலும் பிரெஞ்சைக் குறைத்துக்கொண்டார்கள். 1968இல் பிரெஞ்சை வளர்க்க மாநில அரசே ஒரு சபை அமைத்தபோது ஒரு தலைமுறைக்கு மேல் கடந்துவிட்டது. கம்போவும் ஜம்பலாயாவும் உலகமெங்கும் போய்விட்டன. தாத்தாவோடு பிரெஞ்சில் பேசத் தெரிந்த பேரப்பிள்ளைகள்தான் அருகிப்போனார்கள்.

எங்கள் பிள்ளைகளின் வாயை இங்கு எவரும் சட்டம் போட்டு அடைக்கவில்லை. வேலைக் களைப்பிலும் தொலைக்காட்சிச் சத்தத்திலும் நாங்களே பேசாமல் விடுகிறோம். காட்டிலே தொலைக்காட்சி இல்லை, கைபேசிக்கும் பல இடங்களில் தொடர்பு கிடைக்காது. சோறு ஊறும் அந்தப் பதினைந்து நிமிடமும் சும்மா இருக்கவேண்டிய நேரம். அம்மம்மா எப்படிக் கூழ் காய்ச்சினா, அப்பப்பா எந்தக் கடலில் இறால் பிடித்தார் என்று அப்போது பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுங்கள். அது முதுகுப்பையில் ஒரு கிராமும் கூட்டாது.

உங்கள் வீட்டில் வேறென்ன உலர்த்திப் பார்த்தீர்கள், காட்டில் அது எப்படி வாய்த்தது என்பதை எமக்கு எழுதுங்கள். அடுத்த கோடைக்கு முன் அவற்றையும் இப்பக்கத்தில் பகிர்ந்துகொள்வோம்.